என்ன கிளாஸ் கண்ணு?



டிகிரி முடித்து ஊருக்குப் போனதும் நம்மையெல்லாம் கேட்ட முதல் கேள்வி ஞாபகம் இருக்கிறதா? "பாஸாயிட்டயா, என்ன கிளாஸ் கண்ணு?" அந்தக் கிளாஸ் எப்படி முடிவாகிறது என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டுங்க.

1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைந்தது. பாடம் நடத்துவது கல்லூரி. தேர்வு வைத்துப் பட்டம் தருவது பல்கலைக்கழகம். கோவைக் கல்லூரிகளும் நெடுங்காலம் அதன் கீழேதான் இருந்தன. மாணவனை மூன்று வருஷம் பார்த்த வாத்தியார் ஒருவர். விடைத்தாளைத் திருத்தி மார்க் போடுகிறவர் முகம் தெரியாத இன்னொருவர்.

60 சதவீதம் முதல் வகுப்பு, 50 இரண்டாம் வகுப்பு, அதற்குக் கீழே தேறினால் மூன்றாம் வகுப்பு. இதில் ஒரு வேடிக்கை: மொழிப்பாடம் பகுதி 1, ஆங்கிலம் பகுதி 2, முக்கியப் பாடமும் துணைப்பாடமும் பகுதி 3 என்று பிரித்து, வகுப்பையும் தனித்தனியே போட்டார்கள். ஊர் கேட்டதென்னவோ பகுதி 3-ஐ மட்டும்தான். தமிழில் முதல் வகுப்பு வாங்கியவன் சொல்லிக்கொள்ள ஆளில்லாமல் திரிந்தான்!

1978-இல் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி தன்னாட்சி பெற்றது. பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியின் கைக்கு வந்தன. 1982-இல் பாரதியார் பல்கலைக்கழகம் பிறந்தது. ரேங்குப் பட்டியல் நம்ம கொங்குச் சீமைக்குள்ளேயே வந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் அதில் வாங்கிய புள்ளியால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்கிறார்கள். அதுதான் தம்பிமார் சொல்லும் சி.ஜி.பி.ஏ.

அளவுகோல் மாறினாலும் ஒரு விதி மட்டும் பல இடங்களில் மாறவில்லை. ரேங்கும் பதக்கமும் வேண்டுமானால் எல்லாத் தாளிலும் முதல் தடவையே தேறியிருக்க வேண்டும்.

என் அறை நண்பன் கோபிப் பக்கத்துக்காரன். கடைசி வருஷம், ஒரு பரீட்சை நாளன்று காலை அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகத் தகவல். ஹால் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டான். விட்ட தாளை அடுத்த முறை எழுதினான். கூட்டிப் பார்த்தால் எங்கள் செட்டிலேயே அவன்தான் முதல். முதல் வகுப்பு கிடைத்தது, பதக்கம் இல்லை. பிழைத்து வீடு வந்த அவன் அப்பா, "என்னால உனக்கு மெடலு போயிருச்சாட்ட இருக்குதே கண்ணு" என்றார். அவன், "மெடலைப் பாத்தா பொழப்பு ஓடுமாப்பா?" என்று சிரித்தான். அன்று ராத்திரி எங்கள் இரண்டு பேருக்கும் தூக்கமில்லை.

விதி தப்பென்று சொல்லவில்லை. ஒரே தாளுக்கு இரண்டு தடவை படித்தவனையும் ஒரு தடவை படித்தவனையும் எப்படி ஒன்றாக வைப்பது? நியாயம்தான். ஆனால் எழுதித் தோற்றவனும், அப்பாவைக் காப்பாற்றப் போனதால் எழுதாதவனும் ஒன்றா? ஆப்சென்ட்டுக்குத் தக்க காரணமும் சான்றும் இருந்தால் அதைத் தனியாகப் பார்க்க ஒரு வழி வேண்டும். நம் சங்கம் இதை எடுத்துப் பேசலாமே.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை. 1887-இல் கலித்தொகையை அச்சில் தந்தவர் என்றுதான் அவரை நினைக்கிறோம். என்ன கிளாஸ் என்று யாரும் கேட்பதில்லை.

தம்பி தங்கைகளே, முதல் வருஷமே விதிப்புத்தகத்தை ஒருதரம் படித்து வையுங்கள். ஆனால் வீட்டிலிருந்து அப்படியொரு தகவல் வந்தால், யோசிக்காமல் பஸ் ஏறுங்கள்.