மெர்சிடீஸ்-பென்ஸ் டபிள்யூ211: பழுதுகளும் திருத்தச் செலவும்

மெர்சிடீஸ்-பென்ஸ் டபிள்யூ211 என்பது 2002 முதல் 2009 வரை உற்பத்தியான ‘இ’ வகுப்புச் சொகுசுக் காரின் உட்குறியீடு. டபிள்யூ210க்குப் பின்னும் டபிள்யூ212க்கு முன்னும் வந்த இத்தலைமுறை 2006இல் மேம்படுத்தப்பட்டது. இலங்கையின் பழைய வாகனச் சந்தையில் இன்றும் கைமாறிவரும் இக்காரின் பெருஞ்செலவுகள் பல, மலிவான சிறு உறுப்புகளைக் கவனியாமல் விடுவதால் வருபவை.

பிரேக்

2006 மேம்பாட்டுக்கு முந்திய கார்களில் எஸ்பிசி எனப்படும் மின்-நீரியல் பிரேக் முறை உண்டு. கால் மிதியின் விசையைக் கணினி அளந்து, கலனில் உயரழுத்தத்தில் தேக்கிய திரவத்தை ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியே அனுப்பும். முறை செயலிழந்தால் முன்சில்லுகளுக்கு மட்டுமே நேரடி நீரியல் இணைப்பு எஞ்சும். மிதி ஆழமாக இறங்கும், கார் நிற்க அதிக தூரம் எடுக்கும். இம்முறை தொடர்பில் 2004இல் சுமார் 680,000 மெர்சிடீஸ் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2005இல் பிரேக், மின்னமைப்புக் குறைகளுக்காக மேலும் சுமார் 13 இலட்சம் கார்கள் அழைக்கப்பட்டன. 2006க்குப் பிந்திய டபிள்யூ211இல் வழமையான நீரியல் பிரேக்கே உள்ளது.

எஸ்பிசி அலகு பிரேக் பிடித்த தடவைகளை எண்ணி வைக்கும். வரம்பு கடந்ததும் எச்சரிக்கை விளக்கு எரியும்; அப்போது முழு அலகையும் மாற்றுவதே வழமை. கதவைத் திறந்தாலே இம்முறை விழித்து அழுத்தத்தைக் கூட்டும் என்பதால், கணினிக் கருவியால் அதை முடக்காமல் பிரேக் பேட் மாற்றினால் பிஸ்டன் வெளித்தள்ளி விரல்கள் நசுங்கலாம்.

எஞ்சின்

வி6 பெற்றோல் எஞ்சினான எம்272இன் ஆரம்ப உற்பத்திகளில் சமநிலைத் தண்டின் பற்சக்கரம் உரிய காலத்துக்கு முன்பே தேய்கிறது. பற்கள் தேய்ந்ததும் டைமிங் பிசகி எஞ்சின் விளக்கு எரியும். தண்டை மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்கவேண்டும். எனவே பில்லில் பெரும்பங்கு கூலியாகவே இருக்கும். 1.8 லீற்றர் எம்271 எஞ்சின் கொண்ட இ200 கொம்ப்ரசரில் டைமிங் செயின் நீளுவது தெரிந்த குறை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் கேட்கும் கிலுகிலுப்பை அலட்சியப்படுத்தினால் செயின் பல்மாறி வால்வுகள் வளையலாம். டீசல் சிடிஐ எஞ்சின்களில் இன்ஜெக்டரின் செப்பு வளையம் கசிந்தால், வெளியேறும் புகை தார்போல் இறுகி இன்ஜெக்டரைக் கழற்றமுடியாமல் செய்துவிடும். வளையம் மலிவு, இறுகிய இன்ஜெக்டரை எடுக்கும் வேலைதான் செலவு.

கியர்பொக்ஸ்

ஐந்து கியர் 722.6 ஓட்டோ கியர்பொக்ஸின் 13 முனை மின் இணைப்பானில் உள்ள ரப்பர் வளையங்கள் காலப்போக்கில் இறுகிக் கசியும். கியர் எண்ணெய் வயர் வழியே ஏறிக் கட்டுப்பாட்டுக் கணினி வரை போகும். ஆயுள் முழுவதற்கும் போதும் என்று ஒருகாலத்தில் சொல்லப்பட்ட எண்ணெயை, சுமார் 60,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவதே நல்லது. ஆரம்பகாலக் கார்கள் சிலவற்றில் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் எண்ணெய்க் குளிரூட்டி உடைந்து, கூலன்ட் கியர் எண்ணெயோடு கலக்கும். அப்படி நேர்ந்தால் முழு கியர்பொக்ஸும் ஆபத்தில் விழும்.

காற்றுச் சஸ்பென்ஷன்

ஏர்மேட்டிக் பொருத்திய கார்களில் ரப்பர்க் காற்றுப்பை மெல்லக் கசிந்தால், குறைந்த காற்றை ஈடுசெய்யக் கொம்ப்ரசர் இடைவிடாது ஓடி எரிந்துபோகும். இரவு நிறுத்திய கார் காலையில் ஒருபக்கம் தாழ்ந்து நிற்பது முதல் அறிகுறி.

இலங்கையில் செலவு

பழைய காரின் விலை எவ்வளவு இறங்கினாலும் உதிரிப்பாகத்தின் விலை டொலரோடுதான் நகரும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாத நடுப்பகுதியில் 360 ரூபாவை எட்டியது. வரி சேர்க்காமலே, 1,000 டொலர் பொருள் 2 இலட்சத்திலிருந்து 3.6 இலட்சமாயிற்று. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்களின் விலையும் ஏறியதால், வாங்குவோர் ஒருபக்கம் விலையையும் மறுபக்கம் திருத்தத்தையும் சுமக்கவேண்டியதாயிற்று.

புது அசல் உதிரிப்பாகத்துக்கு முகவர் நிறுவனமும், பழையதற்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளும் வழக்கமான இடங்கள். பழைய பொருள் மலிவானாலும், எஸ்பிசி அலகுபோல் பயன்பாட்டை எண்ணிவைக்கும் பொருளில் எஞ்சிய ஆயுளைப் பார்த்தறிய முடியாது.

வண்ணாத்திவில்லில்

புத்தளம் மாவட்டத்தின் வடக்கே, மேற்கில் புத்தளம் களப்பும் வடக்கே கலா ஓயாவுக்கு அப்பால் வில்பத்துவும் சூழ்ந்த வறண்ட பிரதேசம் வண்ணாத்திவில்லு. உப்புக்காற்று பிரேக் குழாய்களையும் மின் இணைப்பான்களையும் துருப்பிடிக்கச் செய்யும். வெயில் ரப்பரை வெடிக்கவைக்கும். மணல், செம்மண் தூசி காற்று வடிகட்டியையும் ரேடியேட்டர் இடுக்குகளையும் அடைக்கும்.

மாரியில் எழுவன்குளம் சப்பாத்துப் பாலத்தின் மேல் கலா ஓயா பெருகுவதுண்டு. தாழ்ந்த காரில் அந்நீரைக் கடக்கத் துணிந்து, காற்று உறிஞ்சும் வாய்வழி நீர் சிலிண்டருக்குள் புகுந்தால், நீர் சுருங்காது என்பதால் இணைப்புத் தண்டு வளைந்து எஞ்சின் ஒரேயடியாகக் கெடலாம்.

புத்தளத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். வண்ணாத்திவில்லிலிருந்து அதைவிடக் கூட. எனவே பழுதான காரை ஏற்றிச்செல்லும் கூலியையும் திருத்தச் செலவில் சேர்த்தே கணக்கிடவேண்டும். பின்சில்லு இயக்கமுள்ள ஓட்டோ காரைப் பின்சில்லுகள் தரையில் உருள நெடுந்தூரம் கட்டியிழுத்தால் கியர்பொக்ஸுக்கு எண்ணெய் ஓடாமல் தேயும். தட்டை லொறியில் ஏற்றுவதே பாதுகாப்பு.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை

உற்பத்தி ஆண்டு 2006க்கு முந்தியதா பிந்தியதா என்பது பிரேக் முறையைக் காட்டும். வி6 எனில் எஞ்சின் இலக்கத்தைக் கொண்டு, திருத்திய சமநிலைத் தண்டு உள்ளதா என்று முகவரிடம் சரிபார்க்கலாம். எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கையில் ஸ்டார்ட் செய்து செயின் ஓசையைக் கேட்கவேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஓசை மறையும். கியர் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பற்றுச்சீட்டு கேட்கலாம். மெர்சிடீஸுக்குரிய கருவியால் எல்லாக் கணினி அலகுகளையும் ஸ்கேன் செய்வது, இவற்றில் எந்தப் பழுதின் செலவோடு ஒப்பிட்டாலும் சிறு தொகையே.