தலைமன்னாரும் தலவாக்கலையும்

ஒரே மாதத்தில் தலைமன்னாருக்கும் தலவாக்கலைக்கும் அடுத்தடுத்துப் பிரயாணம் செய்ய நேர்ந்தபோது, பெயர் தொடங்கும் ஓசை ஒன்றைத் தவிர இவ்விரண்டு ஸ்தலங்களுக்கும் யாதொரு பொருத்தமும் இல்லை என்றே முதலில் எண்ணினேன். மன்னார்த் தீவு தட்டையான மணற்பூமி. பனையும் உடைமரமும், கடைத்தெருவில் உரிமையோடு உலவும் கழுதைகளும், அராபிய வணிகர் கொணர்ந்ததென்று சொல்லப்படும் பள்ளிமுனைப் பெருக்கமரமும், உதட்டை நனைத்தால் உப்புக் கரிக்கும் காற்றுமாக வெயிலில் கிடப்பது. தலவாக்கலையோ சுமார் 4,000 அடி உயரத்தில், கொத்மலை ஓயாவின் கரையில், விடிந்தும் விடியாத பனியில் பெரட்டுக்களத்துக்கு வந்து நிற்கும் பெண்கள் இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு மலையேறும் ஊர். உல்லாசப் பிரயாணிகள் முன்னதை எட்டிப் பார்ப்பதில்லை. பின்னதில் சென்கிளயர் அருவியைப் படம் பிடித்துக்கொண்டு நுவரெலியாவுக்கு விரைகிறார்கள்.

சரித்திரத்திலோ இவை ஒரே வழியின் இரு முனைகள். தங்கள் வருகையின் தொடக்கமாக மலையக மக்கள் 1823ஐக் கொள்கிறார்கள். கம்பளைக்கருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் கோப்பி பயிரிட முற்பட்ட காலம் அது. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு மாத்திரமே ஏராளமான ஆள் வேண்டியிருந்தது. ஆகையால் தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து பெரும்பாலும் ஆண்களே தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டின் ஊடே மாத்தளை வரை கால்நடையாகச் சென்று, பருவம் முடிந்ததும் அதே வழியில் திரும்பினார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் கண்டு வழியில் வீழ்ந்தவனை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். நின்றவனுக்கும் அதே கதிதான். அவ்வளவையும் கடந்து வந்தவர்கள் முதலில் மூச்சு விட்ட மாத்தளையில், நோய்க்கு அதிதேவதையான முத்துமாரியம்மனுக்குக் கோயில் எழுந்ததில் ஆச்சரியம் என்ன? 2023ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையை அடைந்த நினைவு நடைப்பயணத்தில், சாலையும் சோறும் தண்ணீரும் இருந்த இந்தக் காலத்திலும், 16 நாள் சென்றது.

1869இல் கண்ட இலைநோயினால் கோப்பி மடிந்தது, தேயிலை வந்தது. கொழுந்து ஆண்டு முழுவதும், அதுவும் விரல் நுனியால், எடுக்கப்பட வேண்டியது. ஆகவே பருவத்துக்கு வந்துபோன ஆண்கள் போய், குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து லயத்துக் காம்பிராக்களில் நிலைத்தார்கள். தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிகள் ஆசை காட்டிய கதையை இன்றும் தோட்டத்தில் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். கோப்பி அழிந்துகொண்டிருந்தபோது போடப்பட்ட மலைநாட்டு ரயில்பாதை 1885இல் தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை எட்டித் தேயிலையைச் சுமந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், இருபுறமும் அதனோடு இணைந்த ரயிலும் ஓடலாயின. நடை ஒழிந்தது. அதனோடு, எலும்புகள் கிடந்த வழியின் ஞாபகமும் மங்கிற்று என்பது என் அபிப்பிராயம்.

1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி, தோட்டத்திலேயே பிறந்த கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம், அவரை அனுப்பிய ஜனங்களையே நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அதே டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபடியால், தலைமன்னாரில் ஏறியவர்களைக் கப்பல் ராமேஸ்வரத்தில் இறக்கியது. பாட்டன் வந்திறங்கிய கரையே பேரன் வெளியேறும் வாசலாயிற்று. அவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மலைநாட்டார் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

தலவாக்கலை நிலையத்து மேடையில் என்னோடு பேசிக்கொண்டிருந்த மூதாட்டி அழவில்லை. "எங்க அக்கா குடும்பத்த இந்த ஸ்டேசன்லதான் ஏத்திவிட்டோம், ஐயா. கோழியெல்லாம் எங்களுக்குத்தான்னு சொல்லிட்டுப் போனா; கூட்டுச் சாவி அவ மடியிலயே போயிருச்சு. பூட்ட ஒடச்சித்தான் தொறந்தோம்" என்றாள். அக்காவிடமிருந்து கடிதம் வந்ததா என்று கேட்டேன். இரண்டு வந்ததாம்.

மலைநாடு பார்க்க வரும் அன்பர்கள் நுவரெலியாவில் செலவிடும் நாட்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு தலைமன்னார்த் துறைக்கும் சென்று வர வேண்டுகிறேன். யுத்தத்தில், 1990இல் நின்றுபோன அந்த ரயில்பாதை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. தலவாக்கலையிலிருந்து போகிறவர்கள் பொல்காவலையில் வண்டி மாற வேண்டும்.