சாக்ஸபோனும் பக்கவாத்தியமும்: கத்ரி கோபால்நாத்துடன் மேடையைப் பகிர்ந்தோர்

பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ப் சாக்ஸ் உருவாக்கி, 1846-இல் பாரிசில் காப்புரிமை பெற்ற சாக்ஸபோன், பித்தளை உடல் கொண்டதாயினும் ஒற்றை நாணல் பட்டையின் அதிர்வால் ஒலிப்பதால், நாகசுரத்தைப் போலவே துளைக்கருவி வகையில் அடங்கும். இந்தியாவில் பெரும்பாலும் பாண்டு வாத்தியக் குழுக்களின் கருவியாக அறியப்பட்டிருந்த அதை, மைசூர் அரண்மனை பாண்டு குழு வாசிக்கக் கேட்டு அதன்பால் ஈர்க்கப்பட்டவர் கத்ரி கோபால்நாத் (1949–2019). தென் கன்னட மாவட்டத்தைச் சேர்ந்த அவருடைய தந்தை தனியப்பா நாகசுரக் கலைஞர் என்பது இவ்வரலாற்றில் மிக முக்கியமான செய்தியாகும். ஏனெனில் கர்நாடக இசையின் உயிரான கமகத்தை, அதாவது ஒரு சுரத்தை அசைத்தும் இழைத்தும் அடுத்த சுரத்தோடு சேர்க்கும் முறையை, ஒரு காற்றுக்கருவியில் எப்படிக் கொண்டுவருவது என்ற அறிவு அவருக்கு வீட்டிலேயே கிடைத்திருந்தது.

ஆனால் அந்த அறிவை அப்படியே மாற்றிவைக்க இயலவில்லை. நாகசுரத்தில் விரல் நேராகத் துளையின்மீது படுவதால், அதைப் பாதி திறந்தும் மூடியும் சுரத்தை நுட்பமாக வளைக்கலாம். சாக்ஸபோனிலோ விரல் தொடுவது ஒரு நெம்புகோலை, துளையை மூடுவது அதன் மறுமுனையிலுள்ள மெத்தை. ஆகவே கமகத்தின் பெரும்பகுதியை உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சின் கட்டுப்பாட்டாலும் உண்டாக்க வேண்டியிருந்தது. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் பின்னர் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்று, நெடுங்கால உழைப்பால் அவர் இதைச் சாதித்தார்.

அவருடைய பெருமையை மதிப்பிடும்போது பலரும் அவரை மட்டுமே நோக்குகின்றனர். உண்மையில் சாக்ஸபோனுக்குக் கச்சேரி மேடையில் நிலையான இடம் கிடைத்ததில், அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தோரின் பங்கு மிகப் பெரியது. நாகசுரத்திற்குத் தவிலும், சுருதி தரும் ஒத்தும் துணையாக வருமேயன்றி வயலின் வருவதில்லை. கோபால்நாத்தோ தரையில் அமர்ந்து, வயலின், மிருதங்கம், மோர்சிங் போன்ற பக்கவாத்தியங்களுடன் வாய்ப்பாட்டுக் கச்சேரியின் அமைப்பையே மேற்கொண்டார். அந்த வயலின் இடத்தைப் பல ஆண்டுகள் நிறைவு செய்தவர் அ. கன்யாகுமரி. பாடகி எம்.எல். வசந்தகுமாரியிடம் பாடம் கேட்டு, அவருக்கே நெடுங்காலம் வாசித்த கன்யாகுமரிக்குக் கீர்த்தனைகளின் சாகித்தியம், அதாவது பாடற்சொற்கள், நன்கு தெரிந்திருந்தது. சொல்லே ஒலிக்காத ஒரு கச்சேரியில், எந்த அடியில் எந்தச் சங்கதி வரும் என்று உணர்ந்து கூடவே செல்வதற்கு அவ்வறிவு இன்றியமையாதது. பித்தளைக் கருவியின் முழக்கத்திற்கு அருகே வில்லின் மெல்லொலி தாழ்ந்துவிடாமல், ராக ஆலாபனையில் சொற்றொடருக்குச் சொற்றொடர் மறுமொழி தந்து வந்த அவருடைய வாசிப்பைப் பின்தொடர்தல் என்று மட்டும் சொல்வது குறைவான மதிப்பீடாகும். 2016-இல் அவர் சங்கீத கலாநிதி விருது பெற்றார். வயலின் கலைஞர்களுள் அவ்விருதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

கோபால்நாத்தின் மேடையைத் தேடி வந்தவர்களுள் ஜாஸ் கலைஞர்களும் இருந்தனர். 1980-இல் பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவில் அவருடைய வாசிப்பைக் கேட்ட அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி, தாமே விரும்பி அவருடன் சேர்ந்து வாசித்தார். 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பிபிசி நடத்தும் புரோமனேட் இசைவிழாவிற்கும் கோபால்நாத் அழைக்கப்பட்டார். அதே ஆண்டு வெளிவந்த கே. பாலசந்தரின் 'டூயட்' திரைப்படம் அவருடைய ஒலியைத் தமிழ்நாட்டின் வீடுகளுக்கெல்லாம் கொண்டுசென்றது.

ஜாஸ் கலைஞர்களுடனான இத்தொடர்புகளில் மிக ஆழமானது சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடையது. தென்னிந்தியப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அவர், பாஸ்டனின் பெர்க்லி இசைக்கல்லூரியில் பயின்றபோது, அண்ணன் வேடிக்கைப் பரிசாகக் கொடுத்த கோபால்நாத்தின் இசைத்தட்டைக் கேட்டுத்தான் முதன்முதலில் அவரை அறிந்ததாகப் பல நேர்காணல்களில் அன்புடன் நினைவுகூர்ந்திருக்கிறார். வேடிக்கையாக வந்த அந்தத் தட்டு, தம் கையிலிருந்த அதே கருவிக்குத் தாம் அறியாத ஒரு மரபு உண்டு என்பதை அவருக்கு உணர்த்தியது. பின்னாளில் இருவரும் கன்யாகுமரி, மிருதங்கக் கலைஞர் பூவாளூர் ஸ்ரீஜி, கிதார் கலைஞர் ரெஸ் அப்பாசி முதலியோருடன் சேர்ந்து வழங்கிய இசை, 2008-இல் 'கின்ஸ்மென்' என்னும் தொகுப்பாக வெளிவந்தது. சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்கி ஒலிக்கச்செய்யும் ஒத்திசைவின் மாற்றங்களைத் தழுவியே ஜாஸ் கலைஞரின் கற்பனை பெரும்பாலும் நகரும். கர்நாடக இசையிலோ சட்ஜம் என்னும் ஆதார சுரம் கச்சேரி முழுவதும் அசையாது நிற்கும். இவ்வேறுபாட்டை மூடி மறைக்காமல், மூத்த கலைஞரின் ஆதார சுருதியை மாற்றச் சொல்லாமல், அவருடைய மரபு எங்கே நிற்கிறதோ அங்கே மகந்தப்பா தம் இசையைக் கொண்டுசென்று பொருத்தியதே அத்தொகுப்பின் சிறப்பாகும். குழுவினர் பலருக்கும் அதில் தனித்தனியே ஆலாபனை இடம் ஒதுக்கப்பட்டிருப்பதால், கன்யாகுமரியின் வயலினும் மகந்தப்பாவின் சாக்ஸபோனும் ஒரே தட்டில், ஒரே மூத்தவரின் பக்கத்தில் இருந்து, தத்தம் மொழியிலேயே பேசுவதைக் கேட்க முடிகிறது.