ஓக் என்று சொல்லப்பட்ட மேசை

சென்ற ஆண்டு டெல்லியில், பழைய மரச்சாமான் சந்தை ஒன்றில், இரண்டு இழுப்பறைகள் கொண்ட எழுதுமேசை ஒன்றை வாங்கினேன். "அசல் ஓக், ஆங்கிலேயர் காலத்தது" என்றார் கடைக்காரர். இக்கூற்றின் ஒரு பாதி மரத்தைப் பற்றியது; மறுபாதி காலத்தைப் பற்றியது. இரண்டுக்கும் சான்று அவருடைய வாய்ச்சொல் மட்டுமே. கல்வெட்டையோ சுவடியையோ இத்தகைய சான்றின் பேரில் நாம் ஏற்பதில்லை. உதவித்தொகையை நம்பி வாழும் நான் மேசையை மட்டும் ஏற்றுப் பணம் கொடுத்துவிட்டேன். சரிபார்க்கும் வேலை அதன் பிறகே தொடங்கியது. அதில் கற்றவற்றையும், செய்த ஒரு பிழையையும் இங்குப் பதிவு செய்கிறேன்.

முதலில் பெயர். தாவரவியல்படி குவெர்க்கஸ் பேரினத்தைச் சேர்ந்தவையே ஓக் மரங்கள். ஆனால் சந்தை தாவரவியலைக் கேட்டுப் பெயரிடுவதில்லை. நீலகிரி, குடகுத் தோட்டங்களில் நிழலுக்காக நடப்படும் 'சில்வர் ஓக்' ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டது. குடும்பத்தால் ஓக்குக்குத் தொடர்பே அற்றது. 'டாஸ்மேனிய ஓக்' என்று விற்கப்படுவது யூகலிப்டஸ். தேக்கையே 'இந்திய ஓக்' என்று ஆங்கிலேயர் அழைத்ததுண்டு. மாறாக, உத்தரகண்ட் மலைச்சரிவுகளில் வளரும் பாஞ்ச் மரம் உண்மையான ஓக். அதுவோ பெரும்பாலும் விறகாகவும் தீவனமாகவும் உழவுக் கருவியாகவும் பயன்படுகிறதே தவிர, மேசையாவது அரிது. பெயர் உள்ளவை ஓக் அல்ல. ஓக்காக உள்ளதற்கு அங்காடியில் பெயர் இல்லை.

தேக்கு ஓக்கின் பெயரைப் பெற்றதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல்கள் ஓக்கால் ஆனவை. நெப்போலியனுடனான போர்களால் அங்கு ஓக் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பம்பாய்க் கப்பல் கட்டும் தளம் தேக்கில் போர்க்கப்பல்களைக் கட்டித் தந்தது. வாடியா குடும்பத்தார் கட்டி 1817இல் கடலில் இறக்கிய 'டிரிங்கோமலி' இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. 1840களில் மலபார் ஆட்சியர் கொனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைத்ததும் இந்தத் தேவையின் தொடர்ச்சியே. நம் 'தேக்கு' என்னும் சொல் போர்ச்சுகீசிய 'தேகா' வழியாக ஆங்கிலத்தில் 'டீக்' ஆகிவிட்டிருந்தது. ஆக, மரமும் சொல்லும் இங்கிருந்து சென்றன. 'ஓக்' என்ற தகுதிப்பெயர் அங்கிருந்து வந்தது. இந்தியாவில் ஆங்கிலேயர் வீடுகளுக்காகச் செய்யப்பட்ட மரச்சாமான்களில் மிகப் பல தேக்கிலும் ஈட்டியிலும் ஆனவை என்பதை நினைவிற்கொண்டால், 'ஆங்கிலேயர் காலத்து ஓக்' என்று கேட்டவுடன் முதலில் எழவேண்டியது ஐயமே.

இனி மரத்தைப் படிக்கும் முறை. பலகையின் குறுக்குவெட்டு முனையைக் கைக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். ஓக்கில் ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும். ஆனால் தேக்கிலும் அப்படியே நிற்கும். இதை மட்டும் கண்டு முடிவு செய்வோர் ஏமாறுவர். வேறுபாடு காட்டுவது, மரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்த் திசு. ஓக்கில் இக்கதிர்களுள் சில வெறுங்கண்ணுக்கே தெரியுமளவு அகன்றவை. அடிமரத்தை நான்காகப் பிளந்து ஆரத்தின் வழியே அறுக்கும்போது, பலகையின் முகத்தில் இவை வெள்ளி மினுக்கம் கொண்ட திட்டுகளாகத் தோன்றும். தேக்கில் இத்திட்டுகள் இல்லை. தொட்டால் எண்ணெய்ப் பசை உணரப்படும், புதிதாகச் சுரண்டினால் தோலின் மணம் எழும். சில்வர் ஓக்கிலும் அகன்ற கதிர்கள் உண்டு. அது ஓக் என்ற பெயரைப் பெற்றதே இந்தத் தோற்ற ஒற்றுமையால்தான். எனினும் அதன் குறுக்குவெட்டில் பெரிய துளைகளின் வளைய வரிசை இராது. ஆகவே துளை வரிசை, அகன்ற கதிர் என்னும் இரண்டும் ஒருங்கே இருத்தல் வேண்டும்.

காலத்தைச் சொல்வது மரமன்று, அதன்மேல் பட்ட கருவி. மேற்பரப்பை விடுத்து, மெருகிடப்படாத அடிப்பாகத்தைப் பாருங்கள். கையால் அறுத்த பலகையில் ரம்பத் தடங்கள் நேராகவும் சீரற்றும் இருக்கும். வளைந்த தடங்கள் இருந்தால் அது 19ஆம் நூற்றாண்டில் பரவிய வட்ட ரம்பத்தின் வேலை. திருகாணியின் முனை கூராக இருந்தால் அந்த ஆணி அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தியது. தலையில் கூட்டல்குறிப் பள்ளம் இருந்தால் 1930களுக்குப் பிந்தியது. இழுப்பறை மூலைகளின் புறாவால் இணைப்புகள் ஒன்றுபோல் மற்றொன்று இன்றிச் சற்றே பிசகியிருந்தால் கைவேலை. ஆணி மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் எந்த ஒரு தடயமும் தனித்து நின்று தீர்ப்பு சொல்லாது.

நிறத்தை நம்பலாகாது. ஓக்கிலுள்ள டானின் அம்மோனியா ஆவி பட்டால் கறுக்கும். அமெரிக்கரான கஸ்டவ் ஸ்டிக்லி முதலியோர் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் இம்முறையால் புத்தம்புது மரத்துக்கே ஆழ்ந்த பழுப்பை ஏற்றினர். கருமை முதுமையின் அடையாளம் அன்று.

இவற்றை என் மேசைக்குப் பொருத்தினேன். மேற்பலகை ஓக்; துளை வரிசையும் வெள்ளித் திட்டும் தெளிவாக உள்ளன. கால்களும் இழுப்பறைகளும் தேக்கு. மேற்பலகையின் அடியில், இப்போதைய சட்டத்தோடு பொருந்தாத இடங்களில், அடைக்கப்பட்ட பழைய துளைகள். எங்கோ வேறு கால்களின்மேல் நின்ற பலகைக்கு இந்நாட்டுத் தச்சர் ஒருவர் புதிய உடல் செய்து தந்திருக்கிறார். கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. விலைமதிப்போருக்கு இது குறை; எனக்கோ முழு ஓக்கைவிட இதுவே பெரிய செய்தி.

இனி, என் பிழை. வாங்கிய அன்றே, "உப்புத்தாள் போட்டுப் புதிதாக்கித் தருகிறேன்" என்றார் கடையில் இருந்த மெருகுக்காரர். மாதிரிக்கு இடது இழுப்பறையை மட்டும் செய்யச் சொன்னேன். அவர் அதை உள்ளும் புறமும் அடியும் சுத்தமாகத் தேய்த்து, பளபளவென்று தந்தார். சொன்ன வேலையைத்தான் செய்தார், சொன்னவன் நான். வீட்டுக்குக் கொண்டுவந்து, தேய்க்காத வலது இழுப்பறையைக் கவிழ்த்தபோது, அடிப்பலகையில் பென்சிலால் ஒரே ஒரு சொல்: 'வலம்' என்று பொருள்படும் சொல், உருது எழுத்தில். செய்த கை தனக்காக இட்டுக்கொண்ட குறிப்பு அது. இடது இழுப்பறையில் 'இடம்' என்று இருந்திருக்கலாம். ஒரு பெயரோ ஆண்டோ ஊரோ கூட இருந்திருக்கலாம். எழுத்தைப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட நான், படிப்பதற்கு முன்பே அதை அழிக்கப் பணம் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே பராமரிப்பின் முதல் விதி, எதையும் செய்வதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுப்பது. அடிப்பாகம், பின்பலகை, இழுப்பறையின் உட்புறம் ஆகியவற்றில் உப்புத்தாள் படவே கூடாது. தூசியை மென்மையான உலர்ந்த துணியால் துடைத்து, ஆண்டுக்கு ஓரிரு முறை தேன்மெழுகை மெல்லியதாகப் பூசித் தேய்த்தால் போதும். ஆளிவிதை எண்ணெயை மீண்டும் மீண்டும் தடவினால் பிசுபிசுத்துக் கறுக்கும். மேசையை வெயிலிலிருந்தும் குளிரூட்டியின் நேர்க்காற்றிலிருந்தும் விலக்கி வையுங்கள். மே மாத வறட்சியிலும் மழைக்கால ஈரத்திலும் பலகை அகலவாக்கில் சுருங்கி விரிவது இயல்பு. சிறு வெடிப்பைக் கண்டு பசையால் இறுக்கினால் அடுத்த பருவத்தில் வேறிடத்தில் பிளக்கும். உளுத்த துளைகளிலிருந்து வெளிறிய மாவு புதிதாக உதிர்ந்தால் மட்டுமே வண்டு உயிரோடு இருப்பதாகக் கொள்ளலாம். வைரம் பாய்ந்த பகுதியைவிட வெளிமரமே அதற்கு எளிதில் இரையாகும்.

ஓக்கைப் பொறுத்தவரை இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, இரும்புக் கம்பிப் பஞ்சால் தேய்க்காதீர்கள். அதன் துகள் ஈரத்தில் டானினோடு சேர்ந்து கரும்புள்ளிகளாகும். மற்றொன்று, ஓக்கிலிருந்து அசிட்டிக் அமில ஆவி தொடர்ந்து கசியும். ஓக் அலமாரிகளில் வைத்த ஈயப் பொருள்களும் சிப்பிகளும் அரிக்கப்பட்டதை அருங்காட்சியகங்கள் பட்டறிந்துள்ளன. பழைய தாள்களையும் நாணயங்களையும் அதில் பூட்டி வைப்பது நன்றன்று.

டானினும் இரும்பும் சேர்ந்தால் கருமை என்பது நமக்குப் புதிய செய்தியும் அன்று. ஐரோப்பிய ஆவணங்கள் பல நூற்றாண்டுகள் எழுதப்பட்டது, ஓக் மரத்தின் கழலையோடு அன்னபேதியைச் சேர்த்துக் காய்ச்சிய மையால்தான். அந்தக் கழலையைத் தமிழர் நன்கறிவர்: நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் மாசிக்காய். குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் அந்தக் 'காய்' உண்மையில் காயே அன்று; மேற்காசிய ஓக் மரத்தின் கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிட, அதைச் சுற்றி மரம் வளர்த்த புடைப்பு. மரத்தைக் கண்டிராத நம் வீடுகளில் ஓக் நெடுங்காலமாக இருந்திருக்கிறது, வேறொரு பெயரில், வேறொன்றாக எண்ணப்பட்டு.

பழைய பொருள் வாங்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெயரைக் கேட்டு வாங்குங்கள், ஆனால் கவிழ்த்துப் பார்க்கும் வரை நம்பாதீர்கள், கவிழ்த்துப் பார்க்கும் வரை தேய்க்கவும் தேய்க்காதீர்கள். என் இடது இழுப்பறை இப்போதும் பளபளக்கிறது. அதில் படிக்க ஒன்றுமில்லை.