கழிவுப்பொருட் கபோசான்

கழிவுப்பொருட் கபோசான் என்பது மனிதர் உருவாக்கிய பொருட்களின் எச்சங்களை வெட்டி, அரைத்து, மெருகேற்றிப் பெறப்படும் அணிகலன் கல் ஆகும். இரும்பு உருக்காலைக் கசடு, வாகன வண்ணப்பூச்சுப் படிவு, கண்ணாடிப் புட்டி, சமையல் மேடைப் பலகையின் துண்டு முதலியன இதற்கு மூலப்பொருட்களாகப் பயன்படுகின்றன. இயற்கைக் கல் ஒன்றின் தன்மையை அதன் கனிமப் பெயரைக் கொண்டே பெருமளவு அறிந்து கொள்ளலாம். கழிவுப்பொருளுக்கு அத்தகைய நிலையான இயைபு கிடையாது. எனவே அப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்திருத்தல், வெட்டும் முறை, வெட்டுபவரின் உடல்நலம், விற்பனையில் நேர்மை ஆகிய மூன்றுக்கும் அடிப்படையாக அமைகின்றது.

கபோசான் வடிவம்

அடிப்புறம் தட்டையாகவும் மேற்புறம் குவிந்தும், பட்டைகள் இன்றி வழவழப்பாகவும் அமைந்த கல் கபோசான் எனப்படும். தலையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லில் இருந்து இப்பெயர் தோன்றியது. ஒளி ஊடுருவாத கற்களுக்கும், வரிகளும் அடுக்குகளும் கொண்ட கற்களுக்கும் இவ்வடிவம் ஏற்றது.

தமிழ்நாட்டில் கோயில் நகைகளிலும் பரதநாட்டிய நகைகளிலும் பதிக்கப்படும் சிவப்புக் கெம்புக் கற்களுள் பல இவ்வடிவத்தைச் சேர்ந்தவை. நாகர்கோவில் வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. இன்று கெம்பு என்ற பெயரில் கிடைப்பவற்றுள் பல செயற்கைக் கற்களோ கண்ணாடியோ ஆகும். திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுதல் குடிசைத் தொழிலாக நடைபெற்று வந்துள்ளது. இவை அணிகலனுக்கென்றே உருவாக்கப்பட்ட பொருட்கள். கழிவுப்பொருட் கபோசானின் மூலப்பொருளோ வேறொரு தொழிலில் எஞ்சியது.

மூலப்பொருட்கள்

ஃபோர்டைட்: ஐக்கிய அமெரிக்காவின் டெட்ராயிட் நகர வாகனத் தொழிற்சாலைகளில், மகிழுந்துகளுக்குக் கையால் வண்ணம் தெளிக்கப்பட்ட காலத்தில் உருவானது. தெளிக்கும்போது சிதறிய வண்ணம் தாங்குசட்டங்களிலும் தண்டவாளங்களிலும் படிந்தது. வண்டிகளுடன் சேர்ந்து அப்படிவும் சூளையில் பலமுறை சுடப்பட்டு, அடுக்கடுக்காக இறுகியது. வேலைக்கு இடையூறாகும் அளவு தடித்தபோது தொழிலாளர்கள் அதனைப் பெயர்த்து எறிந்தனர். அகேட்டுக் கல்லின் வரிகளைப் போன்ற பலநிற வரிகள் இதில் காணப்படுவதால் டெட்ராயிட் அகேட்டு என்றும் அழைக்கப்படுகின்றது. மின்னூட்டம் மூலம் வண்ணத்தை உலோகத்தில் படியச் செய்யும் முறை பரவிய பின்னர் இத்தகைய படிவு அரிதாகி விட்டது. ஃபோர்டு நிறுவனத்தின் பெயரைத் தழுவியிருப்பினும், பிற நிறுவனங்களின் ஆலைகளில் கிடைத்த படிவுகளும் இப்பெயராலேயே வழங்குகின்றன.

உருக்காலைக் கசடு: இரும்புத் தாதுவை உருக்கும்போது பிரிந்து மிதக்கும் கசடு, குளிர்ந்ததும் கண்ணாடி போன்ற பொருளாகின்றது. மிச்சிகன் மாநிலத்தின் லீலண்டு ஊரில் 1870களிலும் 1880களின் முற்பகுதியிலும் இயங்கிய உருக்காலையின் கசடு, மிச்சிகன் ஏரியில் கொட்டப்பட்டது. ஏரிக்கரையில் இன்றும் பொறுக்கப்படும் அதன் துண்டுகள் லீலண்டு நீலம் எனப்படுகின்றன. சுவீடனின் பழைய இரும்புத் தொழில் வட்டாரமான பெரிசுலாகனில் கிடைக்கும் கசடு சுவீடிய நீலம் என்று பெயர் பெற்றுள்ளது.

புட்டிக் கண்ணாடி: எல்லா ஊர்களிலும் எளிதில் கிடைப்பது. புட்டியின் பக்கங்கள் மெல்லியவை என்பதால், தடித்த அடிப்பாகமே கபோசானுக்கு ஏற்றது.

சமையல் மேடைப் பலகை: இதில் இரு வகைகள் உண்டு. 1967இல் டூபாண்ட் நிறுவனம் உருவாக்கிய கோரியன் போன்றவை, அக்ரிலிக் பிசினும் அலுமினியம் சேர்மமும் கலந்தவை. மற்றொரு வகை, குவார்ட்சுத் தூளைப் பிசினால் இறுக்கிச் செய்யப்படுவது; அதன் எடையில் ஏறத்தாழ ஒன்பது பங்கு குவார்ட்சும் ஒரு பங்கு பிசினும் இருக்கும். வெட்டுத்துண்டுகளாகப் பார்க்கும்போது இவ்விரண்டையும் வேறுபடுத்துதல் எளிதன்று.

வெட்டி மெருகேற்றும் முறை

முதலில் மூலப்பொருளில் இருந்து தட்டையான வில்லை அறுக்கப்படுகின்றது. வைரத்தூள் பதித்த வெட்டுத்தட்டின் மீது நீர் இடைவிடாது விழுந்து கொண்டிருக்க வேண்டும். வில்லையின் மேல் வேண்டிய நீள்வட்டம் அல்லது வட்டம் வரையப்பட்டு, புறப்பகுதி சாணையில் தேய்த்து நீக்கப்படுகின்றது. பின்னர் வில்லை ஒரு சிறு கோலின் முனையில் ஒட்டப்பட்டு, மேற்புறம் சுழற்றிச் சுழற்றிக் குவிந்த வடிவிற்குக் கொண்டுவரப்படுகின்றது.

அடுத்து, பருமணலில் தொடங்கி 220, 600, 1200, 3000 என்ற வரிசையில் மேலும் நுண்ணிய தேய்ப்பான்கள் பயன்படுத்தப்படுகின்றன. ஒவ்வொரு படியிலும் முந்தைய படியின் கீறல்கள் முற்றிலும் மறைந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். இத்தொழிலின் பழமையான தேய்ப்பான்களுள் ஒன்று குருந்தக்கல் தூள். அக்கனிமத்தின் ஆங்கிலப் பெயரான கோரண்டம், குருந்தம் என்ற தமிழ்ச் சொல்லில் இருந்தே வந்தது.

இறுதி மெருகு பொருளுக்கேற்ப மாறுபடும். கண்ணாடியும் கண்ணாடித் தன்மையுள்ள கசடும் கம்பளிப் பட்டையில் சீரியம் ஆக்சைடு தடவி மெருகேற்றப்படுகின்றன. இவை திடீர் வெப்பத்தில் விரிசல் விடக்கூடியவை. கசடில் காற்றுக் குமிழிகள் இருப்பதால் மேற்பரப்பில் குழிகள் தோன்றுவதுண்டு. ஃபோர்டைட் மென்மையானது, உராய்வுச் சூட்டில் இளகக்கூடியது. ஆதலால் குறைந்த வேகத்திலோ கையாலோ ஈரமான தேய்ப்புத் தாளைக் கொண்டு தேய்க்கப்படுகின்றது. கோலில் ஒட்டுவதற்குச் சூடான அரக்கிற்கு மாற்றாகப் பசை பயன்படுத்தப்படுகின்றது.

உடல்நலக் கேடுகள்

குவார்ட்சுப் பலகையை உலர்ந்த நிலையில் வெட்டினால் எழும் சிலிக்கா நுண்தூள் நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிசு என்னும் நோயை உண்டாக்குகின்றது. இந்நோய்க்கு முழுமையான குணம் இல்லை. குசராத்தின் காம்பத் நகரில் அகேட்டுக் கல் அரைக்கும் தொழிலாளர்களிடையே இந்நோய் நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளது. பலகை வெட்டும் தொழிலாளர்களிடையே இது பரவியதை அடுத்து, ஆத்திரேலியா 2024 சூலை 1 முதல் இவ்வகைப் பலகைகளுக்குத் தடை விதித்தது. அந்நாடே உலகில் முதலில் இத்தடையைக் கொண்டுவந்தது.

பழைய வாகன வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். மின்சுற்றுப் பலகைகளை அறுத்தால் கண்ணாடி இழைத் தூளும், பற்றாசில் உள்ள ஈயமும் வெளிப்படலாம். நீர் விட்டு அரைத்தல், நுண்துகள் வடிகட்டும் முகக்கவசம் அணிதல், அரைத்த சேற்றை உலரவிடாது அகற்றுதல் ஆகியன இன்றியமையாதவை. சாதாரணத் துணிக் கவசம் சிலிக்காத் தூளைத் தடுக்காது. உள்ளடக்கம் தெரியாத துண்டை அரைக்காதிருத்தலே பாதுகாப்பானது.

பெயரிடலும் விற்பனையும்

இத்தகைய கற்கள் இயற்கைக் கற்களை நினைவூட்டும் பெயர்களால் விற்கப்படுவதுண்டு. டெட்ராயிட் அகேட்டு அகேட்டு அன்று. லீலண்டு நீலம் கனிமமும் அன்று. இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளின் தன்மையைப் பொய்யாகக் கூறி விற்பதை முறையற்ற வணிகமாகக் கருதுகின்றது. மணிகளை ஆராய்ந்து வாங்கும் வழக்கம் தமிழகத்தில் பழமையானது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடை வீதியை விவரிக்குமிடத்தில், மணிகளின் வகைகளையும் குற்றங்களையும் எடுத்துக் கூறுகின்றது. கழிவுப்பொருட் கபோசானைப் பொறுத்தவரை, அதன் பிறப்பிடத்தை வெளிப்படையாகக் கூறுவது மதிப்பைக் குறைப்பதில்லை. மூடப்பட்ட ஓர் ஆலையின் எச்சம் என்பதே சேகரிப்போர் அதனை விரும்பக் காரணமாகின்றது.

இவற்றையும் பார்க்க

குருந்தம்
அகேட்டு
சிலிக்கோசிசு
கோயில் நகைகள்