சி மொழியில் வழுக்காத்தல்

“அவன் வந்தது” என்று மாணாக்கன் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையாற் கோடிடுவர். எழுத்துப் பிழை யாதும் இல்லையாயினும், உயர்திணை எழுவாய் அஃறிணை வினைகொண்டு முடிந்தமையின் அது திணைவழுவாயிற்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவினை ஏழாக வகுத்தது நன்னூல். அந்நூலுக்குக் காண்டிகையுரை கண்டவர் நம் நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள். கணினிக்கென மனிதர் வகுத்த மொழிகளுள்ளும் இத்தகைய வழுக்காத்தல் உண்டு. அஃது ஒரு நாளிற் பிறந்ததன்று. பட்டறிவினால் மெல்ல மெல்ல விளைந்தது. சி மொழியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

சி மொழிக்கு முன்னோடிகள் இரண்டு. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாட்டின் றிச்சட்ஸ் 1967இல் ஆக்கிய பி.சி.பி.எல். ஒன்று, அதனைச் சுருக்கி அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன் ஆக்கிய பி மொழி மற்றொன்று. இவ்விரண்டும் தரவுவகை அறியாதன. நினைவகத்தின் அறையொன்றில் உள்ளது எண்ணோ, எழுத்தோ, பிறிதோர் அறையின் முகவரியோ என அவை வினவுவதில்லை. திணையும் பாலும் இல்லாத மொழிகள் எனலாம். ஓர் எழுத்தைத் தனியே முகவரியிட்டு எடுக்கவல்ல பி.டி.பி.-11 என்னும் கணினி வந்தபோது இந்நிலை பொருந்தாதாயிற்று. ஆதலின் 1971 முதலாக டெனிஸ் றிச்சி வகைகளைச் சேர்த்துச் சி மொழியை உருவாக்கினார். 1973இல் யுனிக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதி அம்மொழியிலேயே மீள எழுதப்பட்டது.

எனினும் பழைய வழக்கம் உடனே ஒழியவில்லை. சுட்டி என்பது ஓர் அறையின் முகவரியைத் தாங்கும் மாறி. எண்ணைச் சுட்டுவதும் எழுத்தைச் சுட்டுவதும் தோற்றத்தில் ஒத்தனவே. சுட்டப்படும் பொருளாலேயே வேறுபடுவன. இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றி எழுதினும் அக்காலத் தொகுப்பி பொறுத்துக்கொண்டது. யுனிக்ஸைப் பிற கணினிகளுக்குக் கொண்டுசெல்ல முயன்றபோதே அப்பொறுமையின் தீமை புலப்பட்டது. தொகுப்பி கண்டுங் காணாது விட்டவற்றை எடுத்துக்காட்டுதற்கு ஸ்ரீவன் ஜோன்சன் லின்ட் என்னும் கருவியைச் செய்தார். 1989ஆம் ஆண்டின் அமெரிக்க நியமம் வகைச் சோதனையை மொழியினுள்ளேயே வலுப்படுத்திற்று.

ஆயினும் ஒரு வாயில் திறந்தே கிடந்தது, அது மாக்ரோ. தொகுப்பி வகைகளை ஆராயுமுன்னரே, ஒரு பெயருக்கு ஈடாக ஒரு தொடரை அவ்வாறே பெய்துவிடும் முறை அது. இரண்டனுட் சிறியதைத் தரும் மாக்ரோவை நோக்குக. −1 என்னும் குறியுடைய எண்ணையும் 10 என்னும் குறியற்ற எண்ணையும் அதனிடம் கொடுத்தால், 32 பிற்றுக் கணக்கில் −1 ஆனது 4,294,967,295 என மாறும். ஆகவே 10 சிறியதென விடை வரும்! ‘பிழை நேர்ந்தது’ என்பதற்கு அறிகுறியாய் வந்த மறையெண், ‘பத்து எழுத்துப் படியெடு’ என்னும் ஏவலாகிவிடும். தனியே கேட்டாலன்றித் தொகுப்பி இதற்கு வாய்திறப்பதுமில்லை.

2001 ஆகத்தில் வெளிவந்த லினக்ஸ் 2.4.9இல், இம்மாக்ரோவை வழங்குவோர் வகையின் பெயரையும் உடன் எழுதவேண்டும் என லினஸ் தோர்வால்ட்ஸ் விதித்தார். எதிர்ப்பு மிக்கெழுந்தது. அடுத்த மாதம் வந்த 2.4.10இல் நுட்பமான வழியொன்று கையாளப்பட்டது. இரு மதிப்புகளையும் தத்தம் வகையுடைய மாறிகளில் இட்டு, அம்மாறிகளின் முகவரிகளை ஒப்பிடுமாறு மாக்ரோவினுள் எழுதினர். அவ்வொப்பீட்டின் விடை எதற்கும் பயன்படுவதன்று. எண்களை ஒப்பிடுங்கால் வாளாவிருக்கும் தொகுப்பி, வேறுவகைச் சுட்டிகளை ஒப்பிடுங்கால் எச்சரிக்கும் என்பதே அதன் கருத்து. ஊமையைப் பேசவைத்த உத்தி இது.

வகை வேறுபாட்டை வேண்டுமென்றே ஏற்போர்க்கு, வகையைத் தாமே பெயரிட்டுரைக்கும் வேறொரு மாக்ரோவும் வைக்கப்பட்டது. இதுவே வழுவமைதி. தன் பசுவைக் கண்டு “என் தாய் வந்தாள்” என்பவன் உவப்பினாற் கூறுதலின், அது வழுவாயினும் அமைக்கப்படும். காரணமின்றிக் கூறுவது வெறும் வழுவே. பெயரிட்ட வகை சிறிதாயிருந்தமையாற் பெரிய எண்கள் தலைதுணிக்கப்பட்டுப் புதிய பிழைகள் விளைந்ததும் லினக்ஸின் பிற்கால வரலாற்றில் உண்டு.

2024இல் வெளிவந்த ஜி.சி.சி. 14 தொகுப்பி, பொருந்தாத சுட்டி வகைகளை மயக்குதலை எச்சரிக்கையளவில் விடாது, இயல்பாகவே பிழையெனக் கொண்டு மறுக்கின்றது. வகையே வினவாத மொழியின் வழித்தோன்றல் இந்நிலையை எய்த அரை நூற்றாண்டிற்கு மேலாயிற்று.

என் மாணாக்கனொருவன் எச்சரிக்கை தோன்றிய இடத்தில் வகைமாற்றுக் குறியொன்றை இட்டு, “சேர், இப்போது பிழையில்லை” என்றான். “ஏன் இட்டாய்?” என வினவினேன். விடையில்லை. அவன் நீக்கியது வழுவையன்று, சிவப்புக் கோட்டையே. தொகுப்பியின் மௌனம் செய்நிரல் செம்மையென்பதற்குச் சான்றாகாது. வழுவை அமைப்பவன் அதற்குரிய காரணத்தையும் சொல்லவல்லவனாதல் வேண்டும். சொல்லமாட்டானாயின் எழுதியதைத் திருத்துதலே முறை.