அறுந்த இழை

காஞ்சிப் பட்டின் பெருமை அதன் கரையில் விளங்குகிறது. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமுமாக இணைத்து நெய்யும் கோர்வை முறைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் அருகில் துணையாளும் வேண்டும். அவ்விடத்தில் நெடுங்காலம் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் பள்ளி செல்ல வேண்டிய சிறார்களே. பெற்றோர் வாங்கிய முன்பணம் அவர்களைத் தறியோடு பிணைத்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. எனினும், 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத்தார் துணையுடன் நடத்தும் பட்டறைகளுக்கு விலக்களித்தது. வீடே பட்டறையான ஊரில் அவ்விலக்கின் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ?

இதே காஞ்சியில், 1909இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரையும் வறுமையால் பள்ளியை விட்டு நகராட்சி அலுவலகத்தில் எழுத்தரானார். பின்னர் மீண்டும் கல்வியை நாடி, 1934இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்றார், 1967இல் முதலமைச்சரானார்.

அறுந்த இழையை முடிந்து நெய்வதே நெசவாளர் வழக்கம். அறுந்ததற்காக அவர்கள் பாவையே எறிந்துவிடுவதில்லை. ஆனால் மீண்டும் படிக்கும் வாய்ப்பு அருந்திறன் படைத்தோர்க்கு மட்டும் உரியதா? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதனை மறுக்கிறது. இடைநின்ற குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும்; பதினான்கு வயதைக் கடந்தாலும், எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை கட்டணமின்றிக் கற்பிக்க வேண்டும் என்கிறது.

சட்டம் பள்ளிக் கதவைத் திறக்கலாம். பெற்றோரின் கடனையும் குறைந்த கூலியையும் அப்படியே விட்டுவிட்டு, திறந்த கதவின் வழியே பிள்ளை வரவில்லையே என்று நாம் வியப்பது நியாயமாகுமா?